‘டபிள்யூ’ தட்டினா ரயில் ஓடாது பாஸ்!

அம்பத்தூர் பிளாட்பாரத்தில் நின்னுக்கிட்டு, ‘இந்த லோக்கலை ஒருநாள் நாம ஓட்டினா எப்படி இருக்கும்?’னு யோசிச்சிருக்கீங்களா? ஆவடி கார் ஷெட்டுக்குள்ள நம்மளை விடமாட்டாங்க. ஆனா, வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தா ‘ஓபன் ரெயில்ஸ்’ இருக்கு. 2001-ல் வெளியான ‘மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்ட’ருக்காக உருவாக்கப்பட்ட பாதைகளையும் இன்ஜின்களையும் இயக்கும் இலவச மென்பொருள் இது. நம்ம ஊர் இன்ஜின்களையும் ரசிகர்கள் இதுக்காக உருவாக்கியிருக்காங்க.

முதல் நாளே பலரைக் கடுப்பேத்துறது கீபோர்டுதான். மற்ற கேம்களில் ‘டபிள்யூ’ தட்டினா முன்னே போகலாம். இங்கே அது திசையை மட்டும்தான் முடிவு பண்ணும். பவரைக் கூட்ட ‘டி’, குறைக்க ‘ஏ’. மின்சார இன்ஜின் என்றால், முதலில் ‘பி’ தட்டி பான்டோகிராஃபை உயர்த்தணும். முக்கியமா, ‘ஏ’ பிரேக் கிடையாது. பவரை மொத்தமா குறைச்சாலும் ரயில் உருண்டுக்கிட்டேதான் போகும்.

பிரேக் போட ஒற்றை மேற்கோள் குறி, விடுவிக்க செமிகோலன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து பட்டன்! அண்ணனூரைத் தாண்டி ஆவடியில் நிறுத்தப்போறீங்கன்னு வெச்சுக்குவோம். விரல் ஒரு பட்டன் தள்ளிப் பட்டா, போட்ட பிரேக் விடுபட்டுடும். காற்றழுத்த பிரேக் என்பதால் மறுபடி பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள பிளாட்பாரம் முடிஞ்சிடும்.

அதனால, இந்த ரெண்டையும் முதலில் தள்ளித் தள்ளி வைங்க. ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘கீபோர்டு’ பகுதியைத் திறங்க. பிரேக்குக்கு எதிரே இருக்கும் கட்டத்தை க்ளிக் பண்ணி, புது பட்டனை அழுத்தி உறுதி செய்யுங்க. பிறகு ‘செக்’ கொடுத்தா, ஒரே பட்டனுக்கு ரெண்டு வேலை இருக்கான்னு சொல்லிடும். குழம்பிட்டா ‘டிஃபால்ட்ஸ்’ தட்டுங்க, எல்லாம் பழையபடி ஆயிடும். ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தா முழுப் பட்டியலும் டெஸ்க்டாப்பில் வந்துடும். பிரின்ட் எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கலாம்.

ரெண்டு பட்டன்களை மட்டும் மாத்தாதீங்க. எமர்ஜென்சி பிரேக்குக்கான ‘பேக்ஸ்பேஸ்’ ஒண்ணு. ஓட்டுநர் விழிப்பா இருக்காரான்னு கேட்கும் அலாரத்துக்குப் பதில் சொல்லும் ‘இசட்’ இன்னொண்ணு. நிஜ மின்சார ரயிலிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மோட்டார்மேன் அழுத்திப் பிடிக்கும் கைப்பிடியை விட்டுட்டா, பிரேக் தானாகவே விழும்.

நாலு ஸ்டேஷன் சரியா நிறுத்திப் பழகுங்க. அப்புறம் அம்பத்தூரில் லோக்கல் வந்து நிற்கும்போது, கதவைப் பார்க்க மாட்டீங்க... மோட்டார்மேன் கையைத்தான் பார்ப்பீங்க!