செல்ல நாய்க்கு ஹாலோவீன் உடை

அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் களைகட்டும் ஹாலோவீன், நம் பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளோடு வீட்டு நாயும் வேடமணிகிறது. அதற்கான உடையை வீட்டிலேயே தைப்பது நல்லது என்போம்; காரணம் சிக்கனம் மட்டுமன்று.

நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பளபளக்கும் செயற்கை இழைத் துணியால் அதனை மூடினால், புழுக்கமான மாலையில் உயிருக்கே இடர் நேரலாம். பக் போன்ற தட்டை முக இனங்களுக்கு இன்னும் ஆபத்து.

பழைய பருத்திச் சட்டை ஒன்று போதும். கழுத்தின் சுற்றளவு, முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவு, கழுத்தடி முதல் வாலடி வரையிலான நீளம் ஆகியவற்றை அளந்துகொள்வோம். தைத்தபின் துணிக்கும் உடலுக்கும் இடையே இரு விரல்கள் எளிதில் நுழைய வேண்டும். ஆண் நாயெனில் வயிற்றுப் பக்கத் துணியைப் பாதியோடு நிறுத்துவோம்; இல்லையேல் சிறுநீர் கழிக்கையில் நனையும். பொத்தானும் மணியும் வேண்டா, கடித்து விழுங்கிவிடும். வெல்க்ரோ பட்டையே ஏற்றது. வௌவால் வேடமா? கறுப்புத் துணியில் இரு சிறகுகள் வெட்டி முதுகில் தைத்தால் முடிந்தது.

முகமூடி மட்டும் கூடவே கூடாது. கண், காது, வால் ஆகியவற்றால்தான் நாய் தன் அச்சத்தை உணர்த்துகிறது.

சில நாள்கள் முன்னரே சற்று நேரம் அணிவித்துப் பார்ப்போம். வாலை ஒடுக்கி அசையாமல் நின்றால், அதற்கு உடை பிடிக்கவில்லை என்றே பொருள். அத்தகைய நாய்க்குக் கழுத்தில் தளர்வாகக் கட்டிய ஆரஞ்சு நிறக் கைக்குட்டையே போதும்.