நாக்குக்கு அடியில் வெடிமருந்தா?

"டாக்டர், இவருக்கு நெஞ்சு வலி வந்தா நாக்குக்கு அடியில வெச்சுக்கச் சொல்லி ஹார்ட் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கார். அது பாறை உடைக்கிற வெடிமருந்தாமே! அதைப் போட்ட அன்னிக்குத் தலை சுத்தி பாத்ரூமில் விழுந்துட்டார். அதை நிறுத்திட்டு நம்ம சித்த மருந்து ஏதாவது கொடுங்களேன்..."

என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா இப்படிக் கேட்டார். பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய அவர் கணவர், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா கேள்விப்பட்டது பொய்யில்லை. மாத்திரையின் பெயர் நைட்ரோகிளிசரின். ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் காப்புரிமை வாங்கிய டைனமைட்டில் இருந்தது இதுதான். வயதான காலத்தில் அதே நோபலுக்கு இதயக் கோளாறு வந்தபோது டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் இதேதான்! மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வெடிக்காது, பயப்படாதீர்கள்.

ஆனால் இது எப்படி வலியைத் தணிக்கிறது என்பது சுமார் நூறு வருடங்களாக யாருக்கும் புரியவில்லை. இது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிட்டு ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்று 1977-ல் ஃபெரிட் முராட் கண்டார். 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக்குழாயை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு மருந்தை விட்டதும், உள்தோல் இருந்த குழாய் தளர்ந்தது. உள்தோலைச் சுரண்டிய குழாயோ தளரவில்லை! அப்படியானால் உள்தோலிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. அதுவும் நைட்ரிக் ஆக்ஸைடுதான் என்று 1986-ல் அவரும் லூயிஸ் இக்னாரோவும் சொன்னார்கள். மூவருக்கும் 1998-ல் என்ன பரிசு கிடைத்தது தெரியுமா? நோபல் பரிசு!

மூன்று சமையல்காரர்கள்

இந்த வாயுவை உடம்புக்குள் தயாரிப்பவை மூன்று என்ஸைம்கள். மூன்று சமையல்காரர்கள் என்று வைத்துக் கொள்ளுங்களேன். மூவருக்கும் சாமான் ஒன்றுதான். பருப்பு, வேர்க்கடலை போன்றவற்றில் இருக்கும் அர்ஜினைன் ஒன்று, நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன் இன்னொன்று. சமைத்த வாயு சில வினாடிகளில் மறைந்துவிடும். சேர்த்து வைக்க முடியாது.

முதல் ஆள் மூளையிலும் நரம்புகளிலும் இருந்து சேதி கொண்டு போக உதவுகிறார். இரண்டாமவர் கிருமி நுழைந்தால் மட்டும் எழுந்து, அதைக் கொல்ல அண்டா அண்டாவாகச் சமைப்பார். கடும் தொற்றில் ரத்த அழுத்தம் அபாயமாகச் சரிவதற்கு இவருடைய அளவு மீறிய சமையலும் ஒரு காரணம். மூன்றாமவர்தான் ரத்தக்குழாயின் உள்தோலில் இருப்பவர். நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்து, குழாயை இளக்கமாக வைத்திருப்பார். ரத்தம் ஓடும்போது ஏற்படும் உரசலே அவரைத் தட்டி எழுப்பும். நடைப்பயிற்சி நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் எல்லாமே இவரைக் கெடுக்கும். அரிசி போடாமல் அடுப்பை எரியவிட்டால் புகைதானே வரும்? அதுபோல நல்ல வாயுவுக்குப் பதிலாகக் குழாயை அரிக்கும் பொருளை உண்டாக்க ஆரம்பித்து விடுவார்.

'உடம்புக்குள் வாயுவா? அது எங்கள் வியான வாயுதான்' என்று ஒரு சித்த வைத்தியர் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். வாதம் என்பது ஒரு தத்துவம். இது ஒரு மூலக்கூறு. ரெண்டையும் போட்டுக் குழப்பினால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

டப்பாவில் இருந்தது என்ன?

பழைய ரிப்போர்ட்டை எடுக்க அந்த அம்மா காருக்குப் போன நேரம். அவர் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், விளம்பரம் பார்த்து ஒரு லேகியம் வரவழைச்சேன். ரெண்டு மாசமா சாப்பிடறேன். அவளுக்குத் தெரியாது."

பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். ஆண்மை லேகியம்! என்ன மூலிகை என்ற விவரமும் இல்லை, லைசென்ஸ் நம்பரும் இல்லை. எனக்குப் பகீரென்றது.

இப்படிப்பட்ட 'மூலிகை' மருந்துகளில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தை ரகசியமாகக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடு குழாயைத் தளர்த்தும். சில்டெனாஃபில் அந்தத் தளர்ச்சியை அடங்கவிடாமல் நீடிக்க வைக்கும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். உயிரே போகலாம்.

அவர் விழுந்தது இதனால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மாத்திரை மட்டுமே கூடத் தலை சுற்றலைத் தரும். ஆனால் லேகியத்தை அன்றே நிறுத்தி, டப்பாவோடு ஹார்ட் டாக்டரிடம் போகச் சொன்னேன். திரும்பி வந்த மனைவியிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே..." என்றார், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

* இந்த மாத்திரையை உட்கார்ந்து கொண்டு வையுங்கள். தலைவலி வரலாம். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு வலி அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

* தண்டுக்கீரை, முளைக்கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டிலிருந்தும் உடம்பு இந்த வாயுவைச் செய்து கொள்ளும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே சாப்பிடவும்.

* அந்த நைட்ரேட்டை முதலில் மாற்றுபவை நம் வாயில் உள்ள நல்ல கிருமிகள். அவசியமில்லாமல் தினமும் கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம்.

* அர்ஜினைன் பவுடரை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் பலன் எதுவும் இல்லை. மருந்து எடுத்தவர்களில் 6 பேர் இறந்ததாக 2006-ல் வெளியானது.

கீரையும் நடையும் சமையல்காரருக்குத் துணை. மாத்திரைக்கு மாற்று அல்ல. எந்த வைத்தியரிடம் போனாலும், சாப்பிடுகிற எல்லாவற்றையும் சொல்லி விடுங்கள். வெட்கம் ஒரு நிமிடம்தான். உயிர் பெரிசு இல்லையா?