எந்தக் கோளாறை முதலில் சரி செய்வது?

நம் உறுப்பினர் ஒருவரின் மளிகைக் கடையில் வயரிங் சோதனை நடந்தபோது நாமும் உடனிருந்தோம். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் பதினொரு குறைகளை எழுதிக் கொடுத்தார். தாளைப் படித்த கடைக்காரர், "பண்டிகைச் சரக்கு இறங்குகிற நேரத்தில் இத்தனையும் எப்படிங்க செய்வது? அப்புறம் பார்க்கலாம்" என்று மடித்துக் கல்லாவில் போட்டுவிட்டார். நம்மில் பலரும் இப்படித்தான். பதினொன்றும் ஒன்றுபோல எழுதப்பட்டால், பதினொன்றும் ஒன்றுபோலத் தள்ளிப் போகின்றன.

எந்த வணிகரும் எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைப்பதில்லை. எதற்கு வட்டி ஏறுகிறது, எதற்குத் தவணை இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். மின்கோளாறையும் அப்படியே தரம் பிரிக்க வேண்டும். இங்கிலாந்தில் வயரிங் சோதனை அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு குறியீடு இடுகிறார்கள். சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது. சி2 என்றால் ஆபத்து நேரக்கூடும். சி3 என்றால் மேம்படுத்துவது நல்லது. முதல் இரண்டில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வயரிங் தேறாது. இந்த முறை நம் கடைகளுக்கும் நன்றாகப் பொருந்தும்.

முதல் தரம், உடனே மெயினை அணைக்க வேண்டியவை. வேறு எதுவும் கெடாமலே, இப்போது கை பட்டால் அடிக்குமா, இப்போதே கருகுகிறதா என்று கேளுங்கள். மூடியில்லாத சுவிட்ச் பெட்டி, எலி கடித்துச் செம்பு தெரியும் ஒயர், தொட்டால் சுரீர் என்கிற பிரிட்ஜ், பலகையிலிருந்து வரும் கருகல் வாடை, 'சரசர' என்ற ஓசை எல்லாம் இந்தத் தரம். இதற்கு "நாளைக்கு" என்ற பேச்சே கூடாது.

இரண்டாம் தரம், இன்னும் ஒரு கோளாறு சேர்ந்தால் ஆபத்தாகிறவை. பிரிட்ஜுக்கு எர்த் இல்லாதது இவ்வகை. இன்று அடிக்காது; உள்ளே ஒயர் உடம்பைத் தொட்ட அன்று அடிக்கும். பியூஸ் போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று பெரிய ஆம்பியர் மாற்றுவதும் இவ்வகைதான். ஒயர் தாங்குவதைவிட எம்.சி.பி. பெரிதாக இருந்தால் முதலில் எரிவது ஒயர். இவற்றை நாட்கணக்கில் முடிக்க வேண்டும்.

மூன்றாம் தரம், பழைய முறையில் இருந்தாலும் நல்ல நிலையில் இருப்பவை. அடுத்த முறை கடையைப் புதுப்பிக்கும்போது மாற்றிக் கொள்ளலாம்.

எந்தத் தரம் என்று பார்வையில் தெரியாதவையும் உண்டு. மெயினை அணைத்து, இணைத்துள்ள சாதனங்களையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகர் வைத்துச் சோதித்தால் ஒயரின் காப்பு குறைந்தது 1 மெகோம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். இது எலக்ட்ரீசியன் செய்யும் வேலை; நாம் கை வைக்கலாகாது.

ஒரே குறை எல்லா இடத்திலும் ஒரே தரமாகாது என்பதையும் மறக்கக் கூடாது. தளர்ந்த இணைப்பு வெறும் சுவரில் இருப்பது வேறு. கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின், சாக்கு அடுக்கிய இடத்திற்கு மேலே இருப்பது வேறு. தளர்ந்த இணைப்பில் சூடு ஏறும்போது பெரும்பாலும் எம்.சி.பி. விழாது, ஏனென்றால் ஓடும் மின்சாரம் அளவுக்கு மீறவில்லை. பழுப்பேறிய பிளக்கும் உருகிய நியூட்ரல் முனையும்தான் அதைக் காட்டிக் கொடுக்கும். அதுபோல, மனித உடலில் பாயும் கசிவை எம்.சி.பி. அறியாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் கடைகளில் அது இல்லாததை மூன்றாம் தரம் என்று ஒதுக்கலாகாது.

தரத்தைத் தவறாக மதிப்பிட்டால் என்னவாகும் என்பதற்கு 1997 ஜூன் 13 சாட்சி. டெல்லி உபகார் திரையரங்க வளாகத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் அன்று காலையிலேயே தீப்பற்றியது. அணைத்து, கேபிள் முனையைச் சரிவரப் பொருத்தாமல் ஒப்பேற்றி, மீண்டும் மின்சாரம் கொடுத்தார்கள். மாலையில் படம் ஓடிக் கொண்டிருந்தபோது அந்த இணைப்பு தளர்ந்து பொறி கிளம்பித் தீ மூண்டது. புகையில் சிக்கி 59 பேர் மாண்டார்கள். காலையில் கிடைத்த எச்சரிக்கை முதல் தரம். கிடைத்த கவனிப்போ மூன்றாம் தரம்.

நம் உறுப்பினர் கடைக்கு வருவோம். கல்லாவில் போட்ட தாளை எடுக்கச் சொல்லி மறுபடி படித்தோம். ஒன்பதாவது வரியில் "டீப் பிரீசர் உடம்பில் கசிவு" என்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஊழியர், "கதவைத் திறக்கும்போது அடிக்குதுன்னு ரெண்டு மாசமா சொல்றேன் அண்ணாச்சி" என்றார். பிரீசர் அப்போதே நிறுத்தப்பட்டது. அன்று மாலைக்குள் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வந்துவிட்டன. ஆன செலவு அவருடைய ஒரு நாள் வியாபாரத்தில் சிறு பகுதிதான்.

ஆகவே சோதனை முடிந்ததும் ஒவ்வொரு குறைக்கும் எதிரே 1, 2, 3 என்று எண் போட்டு, தேதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். சரி செய்த பிறகு அதே தாளில் குறித்து வையுங்கள். முதல் எண் போட்ட தாளை மட்டும் கல்லாவில் போட்டு மூடிவிட வேண்டாம் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.