டேபிள் மேல ஒரு குட்ஷெட்!

தில்லை நகர்ல கிராஸ் நம்பரைச் சொன்னாத்தான் வீடு கிடைக்கும். பத்தாவது கிராஸ்ல ஒரு மாடி ரூம். உள்ளே கட்டில் இல்லை, பீரோ இல்லை. ரூமை அடைச்சுக்கிட்டு எட்டடி நீளத்துக்கு ஒரு ப்ளைவுட் டேபிள். அதுமேல தண்டவாளம், சிக்னல், ஒரு டீசல் இன்ஜின், அஞ்சு வேகன். 'தூங்கறதுக்கு டேபிளுக்கு அடியில பாய் இருக்குல்ல' என்கிறான் நண்பன். மெக்கானிக்கல், மூணாவது வருஷம்.

மாடல் ரயில்னா குழந்தைங்க பொம்மைனு நினைச்சுடாதீங்க பாஸ். எச்.ஓ. என்கிற அளவுல நிஜ ரயிலை 87-ல ஒரு பங்கா சுருக்குறாங்க. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம்ம பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும். ஆனா கடையில கிடைக்கிறது 16.5தான். அதனால இந்தியன் ரயில் ஓட்டுற எல்லாருமே அந்தச் சின்னப் பொய்யோடதான் குடும்பம் நடத்துறாங்க!

பிரச்னை தண்டவாளத்துல வரலை. அமெரிக்காவுல இருக்கிற அத்தை பையன் ஒரு கிட் அனுப்பி வெச்சான். 'கிரெய்ன் எலிவேட்டர்.' பேரைக் கேட்டதும் நானும் லிஃப்ட்னுதான் நினைச்சேன். கிட்டத்தட்ட லிஃப்ட்தான், ஆனா தானியத்துக்கு. லாரி வந்து தானியத்தைக் குழியில கொட்டும். பெல்ட்ல வரிசையா மாட்டின வாளிகள் அதை அள்ளி உச்சிக்குக் கொண்டு போகும். அங்கேர்ந்து பெரிய பெரிய தொட்டிகளுக்குப் பிரிச்சு விடுவாங்க. ரயில் வந்து நின்னதும் குழாயைத் திறந்தா போதும், தானியம் தானா வேகனுக்குள்ள கொட்டும். ஏத்தறதுக்கு மட்டும்தான் மெஷின், இறக்கறதெல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கும். 1842-ல பஃபலோ நகரத்துல ஜோசப் டார்ட் என்கிற வியாபாரி நீராவி இன்ஜினை வெச்சு இதை ஆரம்பிச்சார். அப்புறம் அமெரிக்கச் சமவெளி முழுக்க ரயில் பாதை ஓரமா இந்தக் கோபுரங்கள் முளைச்சுது.

பதினைஞ்சு நாள் ராத்திரி உட்கார்ந்து ஒட்டினான். சூப்பரா வந்துச்சு. பக்கத்துல நம்ம பழுப்புச் சிவப்பு வேகன்களை நிறுத்தி, தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினான். தாத்தா ரயில்வேல கூட்ஸ் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தார். 'நல்லாத்தான்பா இருக்கு. ஆனா மூட்டை எங்க? தூக்குற ஆளுங்க எங்க?'

பையனுக்கு முகம் விழுந்துடுச்சு. 'தாத்தா, இதுக்கு ஆளே வேண்டாம், அதான் டெக்னாலஜி'னு சமாளிச்சுப் பார்த்தான். 'அப்ப இது நம்ம ஊரு இல்லப்பா'னு சொல்லிட்டு அவர் கீழே போயிட்டார்.

தாத்தா சொன்னது முழுசா சரின்னும் சொல்லிட முடியாது. நம்ம நாட்டுலயும் இருக்கு. பஞ்சாப்ல மோகா, ஹரியானாவுல கைதல் ரெண்டு இடத்துலயும் தலா 2 லட்சம் டன் கொள்ளளவுல உலோக சைலோக்கள் நிக்குது. மோகாவுலேர்ந்து கோதுமை சாக்குல அடைக்காமலே தனி வேகன்கள்ல சென்னைக்கும் கோவைக்கும் வருது. மழையில நனையாது, எலி தின்னாது. டெல்டாவுல கொள்முதல் நெல் தார்ப்பாய்க்கு அடியில நனைஞ்சு முளைவிட்டு நிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு அதோட அருமை தெரியும். ஆனா திருச்சி குட்ஷெட்ல இன்னும் மூட்டைதான்.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் பைக்ல குட்ஷெட் பக்கம் போனோம். உள்ளே போகலை, ரோட்டோரமா நின்னே ரெண்டு மணி நேரம் பார்த்தோம். தலையில சும்மாடு, கையில கொக்கி. வேகன் கதவுலேர்ந்து லாரிக்குப் பலகை போட்டு, அதுல ஒரே தாளத்துல நடக்கிறாங்க. 50 கிலோ அரிசி மூட்டை. ஒரு வேகன்ல 60 டன்னுக்கு மேல, அதாவது 1,200 மூட்டை. இப்ப ஓடுற புது மாடல் வேகன்ல முழு ரேக்னா 58 வேகன். பெருக்கிப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் நாங்க பேசவே இல்லை. கிட்டத்தட்ட 70 ஆயிரம் மூட்டை, ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் தலை வழியா இறங்குது. கீழே சிந்தினதைக் கூட்டி முறத்துல அள்ளுற அம்மாக்கள், புறா, ரெண்டு ஆடு. எந்த கிட்லயும் இதெல்லாம் வராது.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பம். மூட்டைக்கு முதல்ல அரிசியையே ஒட்டிப் பார்த்தான். மூணாம் நாள் எறும்பு ஊர்வலம்! அப்புறம் எம்-சீலை உருட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டி, பழைய நைலான் துணியை அழுத்தி எடுத்தா அசல் சாக்குத் தடம் விழுந்துச்சு. டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணியில நனைச்சுப் போர்த்திக் கறுப்பு அடிச்சா தார்ப்பாய். அடுக்குக்கு அடியில மரக்கட்டைக்குப் பல்குச்சி. ஆளுங்கதான் கஷ்டம். கிடைக்கிற பொம்மையெல்லாம் கோட்டு போட்ட வெள்ளைக்காரங்க. ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்புல கோட்டைச் சுரண்டிட்டு லுங்கி கட்டி விடணும். ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி. முழு ரேக் வைக்கணும்னா டேபிள் ஏழு மீட்டருக்கு மேல வேணும். அதுக்கு பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கணும் என்பதால அஞ்சு வேகனோட நிறுத்திக்கிட்டான்.

அமெரிக்க கோபுரத்தை என்ன பண்ண? அலமாரிக்குப் போயிடுச்சு. அந்த இடத்துல இப்ப வட்டமா ஒரு செங்கல் களஞ்சியம் வந்துக்கிட்டு இருக்கு. தஞ்சாவூர் - கும்பகோணம் பாதையில பாபநாசம் ஸ்டேஷன் வருமில்ல, அங்கே திருப்பாலைத்துறை கோயில்ல நாயக்கர் கால நெற்களஞ்சியம் நிக்குது. சுமார் 36 அடி உயரம், 3,000 கலம் நெல் பிடிக்கும். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளயும் இந்த மாதிரி வட்டக் களஞ்சியங்கள் உண்டு, நாமதான் பிரகாரம் சுத்துற அவசரத்துல பார்க்காம வந்துடறோம். மேல கொட்டி கீழ எடுக்கிற அதே புவியீர்ப்பு டெக்னிக்தான், வாளி பெல்ட் மட்டும் கிடையாது. எச்.ஓ. அளவுல பன்னிரண்டரை சென்டிமீட்டர். பி.வி.சி. பைப் துண்டுமேல செங்கல் கோடு கீறிக்கிட்டு இருக்கான்.

போன வாரம் தாத்தாவை மறுபடி மேல கூட்டிட்டு வந்தான். லாரி, பலகை, மூட்டையோட ஏழு பேர், வேகன் நிழல்ல உட்கார்ந்து டீ குடிக்கிற ஒருத்தர். தாத்தா ரொம்ப நேரம் பார்த்தார். விரலை நீட்டி அடுக்கை எண்ண ஆரம்பிச்சார். வரிசை வரிசையா எண்ணி முடிச்சு நிமிர்ந்தார்.

'லாரியில ரெண்டு மூட்டை குறையுதேப்பா... கையெழுத்து போட முடியாது!'