கிரீச்! சீட்டுக்குள் ஒரு வயலின்

வயலினும் பழைய கார் சீட்டும் ஒரே விதமாகத்தான் ஒலி எழுப்புகின்றன. ஒன்றைக் கேட்க மார்கழிக் குளிரில் சபாவுக்குக் கிளம்பிப் போகிறோம். மற்றதைக் கேட்டால், "இந்தச் சத்தம் எங்கேயிருந்துதான் வருதோ!" என்று கார் ஓட்டும் அம்மா முகம் சுளிக்கிறார். காதுக்கு இரண்டும் வேறு. இயற்பியலுக்கு இரண்டும் ஒன்று. இதை நம்ப வேண்டுமானால் நீங்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்க வேண்டும், தம்பி தங்கைகளே.

தடிமனான புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்து, அதைச் சுற்றி நூல் கட்டுங்கள். நூலில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல இழுங்கள். முதலில் ரப்பர் நீளும், புத்தகம் அசையாது. ரப்பர் இன்னும் நீளும். சட்டென்று புத்தகம் ஒரு தாவு தாவி முன்னால் வந்து நிற்கும், ரப்பர் சுருங்கிவிடும். இழுப்பதை நிறுத்தாதீர்கள். மறுபடி ரப்பர் நீளும், மறுபடி புத்தகம் தாவும். உங்கள் கை ஒரே சீராகத்தான் நகர்ந்தது. புத்தகமோ நின்று நின்று வந்தது. இப்போது வேகமாக இழுத்துப் பாருங்கள். புத்தகம் தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

ஏன் இப்படி? ஓய்வில் இருக்கும் பொருளை அசைப்பதற்கு அதிக விசை தேவை. அசைந்துவிட்டால், தொடர்ந்து நகர்த்தக் குறைந்த விசை போதும். முதலாவதைத் தடுப்பது நிலை உராய்வு. இரண்டாவதைத் தடுப்பது இயக்க உராய்வு. வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் தொடும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடிக்கின்றன. அசையாமல் இருக்க இருக்க அந்தப் பிடி இறுகும். பிரான்சு நாட்டு ராணுவப் பொறியாளர் கூலும் 1785-இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மரத்தின்மேல் மரத்தை வைத்து, அது ஓய்வில் இருக்கும் நேரம் கூடக்கூட அசைப்பது கடினமாவதை அவர் அளந்து காட்டினார். மின்னூட்டத்தை அளக்கும் அலகுக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்களோ, அதே கூலும்தான். மெதுவாக இழுத்தபோது உங்கள் புத்தகத்துக்குப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைத்தது. வேகமாக இழுத்தபோது கிடைக்கவில்லை.

புத்தகம் தாவியதைக் கண்ணால் பார்த்தோம். அதன் இடத்தில் சின்ன, விறைப்பான பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று இருந்தால்? அது நொடிக்கு ஆயிரம் முறை பிடிபட்டு, ஆயிரம் முறை வழுக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த நடுக்கம் காற்றை ஆட்டும். காற்று நம் செவிப்பறையை ஆட்டும். நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை மனிதக் காது கேட்கும். அதிலும் 2,000 முதல் 5,000 வரை என்றால் காது மிகக் கூர்மை. கிரீச் ஒலியில் இந்த அதிர்வுகள் நிறைய இருக்கின்றன. ஒரு நகக்கண் அளவு பிளாஸ்டிக் போடும் சத்தம் கார் முழுக்க உறுத்துவது அதனால்தான்.

இனி வயலினுக்கு வருவோம். வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி. அதில் ரோசின் என்ற பிசினைத் தேய்த்துக்கொள்வார்கள். ரோசின் தந்தியை நன்றாகப் பிடிக்க உதவும். வில் நகரும்போது தந்தியையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, ஓரளவு வந்ததும் தந்தி விடுபட்டு வழுக்கித் திரும்புகிறது, மறுபடி பிடிபடுகிறது. நொடிக்கு 440 முறை அதிரும் தந்தி 440 முறை பிடிபட்டு, 440 முறை வழுக்குகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டறிந்தார்.

அவருக்குப் பிறகு இதை ஆழமாகத் தோண்டியவர் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். ஒளி ஆய்வுக்காக 1930-இல் நோபல் பரிசு வாங்கியவர் என்று படித்திருப்பீர்கள். அதற்கு வெகுமுன்பே கல்கத்தாவில் அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதைப் பலர் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வில்லால் மீட்டும் தந்திகள் எப்படி அதிர்கின்றன என்பது பற்றி 1918-இல் பெரிய ஆய்வேடு ஒன்றை அவர் வெளியிட்டார். மனிதக் கை எப்போதும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் வில் போட முடியாது அல்லவா? அதனால் வயலினை வாசிக்க ஓர் இயந்திரத்தையே அமைத்தார். வேகத்தை மட்டும் மாற்றி அளந்தார். பிறகு அழுத்தத்தை மட்டும் மாற்றி அளந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது! கார் சத்தத்தைப் பிடிக்கவும் இதைவிட நல்ல வழி கிடையாது. சத்தம் கேட்டதும் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் கண்ட இடத்தில் எல்லாம் ஊற்றுவார்கள். சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. நின்றது திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதல் வேலை, சத்தத்தின் வகையைத் தெரிந்துகொள்வது. 'கிரீச்' என்று இழுத்தால் இரண்டு பரப்புகள் உரசுகின்றன. 'லொடலொட', 'டக்டக்' என்றால் உரசல் இல்லை; நடுவில் இடைவெளி இருக்கும் இரண்டு பொருள்கள் மோதிக்கொள்கின்றன. மோதலுக்கு எண்ணெய் ஊற்றிப் பயனில்லை.

லொடலொட சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாம் வைத்த பொருள்தான். கதவுப் பையில் சில்லறை, டாஷ்போர்டு பெட்டியில் பழைய சாவி, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சரியாக மாட்டாத ஜாக்கியும் வீல் ஸ்பானரும், யாரும் போட்டுக்கொள்ளாமல் தொங்கும் சீட் பெல்ட்டின் உலோக நாக்கு. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு தெரு சுற்றி வரச் சொல்லுங்கள். சத்தம் போய்விட்டால் ஒவ்வொரு பொருளாகத் திரும்ப வையுங்கள். எது வந்ததும் சத்தம் வருகிறதோ அதுதான் குற்றவாளி.

சீட்டின் கிரீச் கொஞ்சம் கடினமான புதிர். சீட்டுக்குள் என்ன இருக்கிறது? இரும்புச் சட்டம்; அதில் வளைந்த கம்பிகள்; கம்பிகள் மேல் ஃபோம்; ஃபோமுக்கு மேல் துணியோ தோலோ ரெக்சினோ. கீழே சீட்டை முன்னும் பின்னும் தள்ள இரண்டு ரெயில்கள். பக்கவாட்டில் பிளாஸ்டிக் மூடி. இத்தனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆளின் எடை ஏறியதும் எல்லாம் ஒரு மயிரிழை நகர்கின்றன. அந்த மயிரிழை போதும், கிரீச் பிறக்க.

காரை நிழலில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்த பிறகு வேட்டையைத் தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து உடம்பை மெல்ல ஆட்டுங்கள். முதுகை மட்டும் சாய்த்தால் சத்தம் வருகிறதா? இடுப்பை மட்டும் அசைத்தால்? தலைசாய்ப்பைக் கழற்றிவிட்டால் நிற்கிறதா? சீட் பெல்ட் மாட்டும் கொண்டியைக் கையால் பிடித்துக்கொண்டால்? சீட்டை ரெயிலில் ஒரு பல் முன்னால் தள்ளினால்? ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். சந்தேகப்படும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் நின்று, கையை எடுத்ததும் திரும்பி வந்தால், இடம் அகப்பட்டது.

காதை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். இடது பக்கத்தில் எழும் ஒலி வலது காதை அடைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம்தான் ஆகிறது. அதை வைத்தும் மூளை திசையைக் கணக்கிடுகிறது. ஆனால் ஒலி நேர் முன்னாலோ, நேர் பின்னாலோ, தலைக்கு மேலோ எழுந்தால் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் அடையும், மூளைக்குக் குழப்பம். போதாததற்குக் காரைச் சுற்றிலும் கண்ணாடி. ஒலி அதில் பட்டுத் திரும்பித் திரும்பி வரும். டாஷ்போர்டில் பிறந்த கிரீச், கதவிலிருந்து வருவது போல் தோன்றுவது இதனால்தான்.

இதற்கு ஒரு நல்ல கருவி உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1816-இல் பாரிஸ் மருத்துவர் லெனெக், நோயாளியின் இதயத் துடிப்பைக் கேட்கக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அது. நீங்களும் ஒரு தாளைச் சுருட்டி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நிற்கும் காரின் சீட்டிலும் டாஷ்போர்டிலும் இடம் இடமாக வைத்துக் கேளுங்கள். குழல் ஓரிடத்தின் ஒலியை மட்டும் அள்ளிக் கொடுக்கும். மெக்கானிக்குகளும் இதற்கென்று ஸ்டெதாஸ்கோப் வைத்திருப்பதுண்டு.

காலையில் இல்லாத சத்தம் மதியம் வருகிறதா? வெயிலைச் சந்தேகியுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புத் தண்டின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமார் அரை மில்லிமீட்டர் நீளும். அதே அளவு ஏ.பி.எஸ். என்ற வகைப் பிளாஸ்டிக் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பிளாஸ்டிக் டாஷ்போர்டு நீள்கிறது. அதைத் தாங்கும் இரும்பு அந்த அளவுக்கு நீள்வதில்லை. காலையில் தொடாமல் இருந்தவை மதியம் உரசுகின்றன. வேட்டையில் வெப்பமும் ஒரு துப்பு என்பதால், சத்தம் வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இடம் தெரிந்த பிறகு சத்தத்தை அடக்குவது எளிது. உரசும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டிப் பிரித்துவிடலாம். துணியின் இழைகள் வளைந்து கொடுக்கும்; பிடித்து வழுக்காது. தளர்ந்த நட்டை மெக்கானிக் இறுக்கினால் பரப்புகள் நகரவே மாட்டா. நகராவிட்டால் உரசலும் இல்லை. பிரிக்கவும் இறுக்கவும் முடியாத இடத்தில் மசகு போட வேண்டும். மசகு பிடிப்புக்கும் வழுக்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது. ஊதிய பலூனை விரலால் தேய்த்தால் கீச்சிடுமே, விரலில் கொஞ்சம் முகப்பவுடர் தடவித் தேய்த்துப் பாருங்கள், புரிந்துவிடும். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1938-இல் அமெரிக்காவில் எதிர்பாராமல் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அது. அதில் நிலை உராய்வும் இயக்க உராய்வும் ஏறக்குறைய சமம். பிடிக்கவே பிடிக்காத பொருள் எப்படிக் கிரீச்சிடும்?

மசகிலும் எது எங்கே என்று பார்க்க வேண்டும். சீட்டின் இரும்பு ரெயிலுக்குக் கிரீஸ் நல்லது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு அது ஆகாது; பெட்ரோலியத்தில் செய்த எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். அதற்கு சிலிக்கோன் மசகுதான் சரி. சமையலறைத் தேங்காய் எண்ணெயை எதற்கும் தொடாதீர்கள். ஒரு வாரம் சத்தம் அடங்கியது போல் இருக்கும். பிறகு தூசியை இழுத்துச் சேர்த்துப் பசையாகிவிடும்.

மின்சாரக் கார் வந்த பிறகு இந்தச் சத்தங்கள் கூடிவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். சத்தம் கூடவில்லை, எஞ்சின் இரைச்சல் போய்விட்டதால் அதுவரை மூழ்கிக் கிடந்தவை வெளியே கேட்கின்றன. கார் தயாரிக்கும் நிறுவனங்கள், சத்தம் எதிரொலிக்காத அறைக்குள் புதுக் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் இயந்திரத்தால் குலுக்கி, எங்கே கிரீச்சிடுகிறது என்று தேடுகின்றன. நீங்கள் சீட்டில் உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பதன் பெரிய வடிவம் அது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர்கள் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்கையோ, விபத்தின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியையோ சேர்ந்தவை. அந்தக் கருவிகளுக்குள் வெடித்து வேலை செய்யும் பொருள் இருக்கிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

மற்றது பிரேக். பல கார்களில் பிரேக் பேடோடு ஒரு சின்ன உலோகத் தகட்டைச் சேர்த்தே செய்கிறார்கள். பேட் தேய்ந்து சில மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சும்போது அந்தத் தகடு சுழலும் டிஸ்க்கை உரசிக் கிரீச்சிடும். பேட் தீர்ந்துபோகிறது என்று அறிவிப்பதற்காகவே பொறியாளர்கள் அமைத்த சத்தம் அது. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. சக்கரத்தின் பக்கத்திலிருந்து கிரீச் கேட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்லி, அன்றைக்கே காரை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.