அரசுப் படகில் வேம்பநாடு

ஆலப்புழைக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது படகுவீட்டு வாடகையைத்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்தால் காயலில் ஒரு வட்டமடித்து, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். காயல்கரை ஊர்களைப் பார்க்க ஆசை என்றால் அரசுப் படகுதான் சரி. தேநீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், வழி சொல்கிறேன்.

வேம்பநாட்டுக் காயல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மேற்குக் கரையில் ஆலப்புழை, முகம்மா, தவணக்கடவு. கிழக்குக் கரையில் குமரகம், வைக்கம். கரையோரம் பேருந்து ஓடுகிறது, குறுக்கே படகு ஓடுகிறது. இரண்டையும் மாறி மாறிப் பிடித்தால் ஒரே பகலில் காயலைச் சுற்றி வந்துவிடலாம்.

காலையில் ஆலப்புழையிலிருந்து பேருந்தில் முகம்மா. அங்கே போட் ஜெட்டி எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். படகில் ஏறியதும் முன்பக்கம் உட்காருங்கள். சுக்கான் பிடிப்பவரை ஸ்ராங்கு என்பார்கள். பழைய படகுகளில் எஞ்சினை ஓட்டுபவர் நடுவே பள்ளத்தில் இருப்பார். எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிப்பார், அந்த ஓசையை வைத்தே இவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கண் ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்தது இதுதான்.

குமரகம் சேர முக்கால் மணி நேரம் போல ஆகும். வழியில் பாதிராமணல் தீவு தெரியும். 2002 ஜூலையில் இதே தடத்தில்தான் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான தேர்வெழுதக் கிளம்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். படகில் கூட்டம் அதிகம் என்று பட்டால் அடுத்ததற்குக் காத்திருங்கள்.

குமரகத்தில் பறவைகள் சரணாலயம் பார்த்துவிட்டு, வேச்சூர் வழியாக வைக்கம் போகும் பேருந்தில் ஏறுங்கள். குட்டை மாட்டினத்துக்குப் பேர்போன வேச்சூர் இதுதான். இங்கிருந்து எதிர்க்கரைக்குத் தண்ணீர்முக்கம் தடுப்பணை போகிறது. தெற்கே குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பவை. கோடையில் ஆறுகள் மெலியும்போது கடல்நீர் ஏறி நெல்லைக் கெடுக்கும். அதைத் தடுக்கவே 1970களில் இந்த அணையின் கதவுகளை அமைத்தார்கள். நெல் பிழைத்தது. ஆனால் மீனும் இறாலும் ஏறிவரும் வழி அடைபட்டது, உப்பு ஏறாத நீரில் ஆகாயத்தாமரை பெருகியது. படகின் விசிறியில் சிக்குவதும் அதுதான். உழவருக்கும் மீனவருக்கும் இடையே கதவு திறக்கும் நாள் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. இருபக்கமும் நியாயம் இருக்கிறது.

வைக்கத்தில் அவசரப்படாதீர்கள். மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச்சில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தலைவர்கள் கைதானபோது ஈரோட்டிலிருந்து வந்து போராட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர் பெரியார். இருமுறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் பெண்களைத் திரட்டினார். 1925இல் காந்தி வந்து இறங்கியதும் வைக்கம் படகுத்துறையில்தான். பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதைப் பார்த்த கையோடு அந்தத் தெருக்களிலும் ஒருமுறை நடந்து வாருங்கள்.

பிறகு தவணக்கடவுக்குப் படகு. இத்தடத்தில் 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. 75 பேர் போகலாம். டீசல் புகையும் இரைச்சலும் இல்லாததால் பக்கத்தில் இருப்பவரோடு தாழ்ந்த குரலிலேயே பேசலாம். கால்மணி நேரம் கடந்தால் எதிர்க்கரை. அங்கிருந்து சேர்த்தலைக்குப் பேருந்து, சேர்த்தலையில் ரயிலும் உண்டு.

படகு நேரங்கள் மாறும், காலையிலேயே ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். வைக்கத்தில் கடைசிப் படகு போய்விட்டாலும் பயமில்லை. தண்ணீர்முக்கம் அணையின் மேலே சாலை இருக்கிறது.