காணொளிக் கோப்பை டிவிடியாக மாற்றுதல்

காணொளிக் கோப்பை டிவிடியாக மாற்றுதல் என்பது, கணினியிலுள்ள காணொளியை டிவிடி பிளேயரில் ஓடும் வடிவில் தகட்டில் பதிவதாகும். எம்பி4, எம்கேவி போன்ற கோப்பை அப்படியே தகட்டில் நகலெடுத்தால் அது கணினியில் ஓடும். பழைய பிளேயர்கள் பலவற்றில் ஓடாது.

இப்பணி மூன்று கட்டங்களாக நடைபெறும்.

1. வடிவ மாற்றம்: காணொளி எம்பெக்-2 வடிவத்திற்கு மாற்றப்படுகிறது. இந்தியாவில் வழங்கும் பிஏஎல் முறையில் படத்தின் அளவு 720×576 படப்புள்ளிகள். நொடிக்கு 25 சட்டகங்கள்.

2. தகட்டு அமைப்பு: படமும் ஒலியும் விஓபி கோப்புகளிலும், அவற்றை இயக்கும் விவரங்கள் ஐஎஃப்ஓ கோப்புகளிலும் அமைகின்றன. பியூபி கோப்புகள் ஐஎஃப்ஓ கோப்புகளின் காப்பு நகல்கள். டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இவற்றை உருவாக்குகின்றன.

3. பதிவு: இவை வெற்றுத் தகட்டில் எழுதப்படுகின்றன. இறுதியில் தகடு நிறைவு செய்யப்படாவிட்டால் வேறு பிளேயர்களில் ஓடாமல் போகலாம்.

ஓரடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. தகட்டில் எவ்வளவு அடங்கும் என்பதை மூலக் கோப்பின் அளவு தீர்மானிப்பதில்லை. ஓடும் நேரமே தீர்மானிக்கிறது. நல்ல தரத்தில் ஏறத்தாழ 2 மணி நேரக் காணொளி அடங்கும். அதற்கு மேல் திணித்தால் படம் மங்கும்.

1920×1080 அளவில் எடுத்த திருமணக் காணொளியும் டிவிடியில் 720×576 ஆகச் சுருங்கிவிடும். இழந்த நுணுக்கத்தைத் தகட்டிலிருந்து மீட்க இயலாது. எனவே டிவிடி தயாரான பின்னரும் மூலக் கோப்பை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்.